எடை மெஷின் மேல் வந்த புகார்கள்

வயிற்றுக் கொழுப்பைக் கத்தி வைக்காமல் குறைக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்: ஏறி நிற்பவருக்குப் பிடிக்காத எண் வந்தால், குற்றவாளி எடை மெஷின்தான்.

என் மனைவி வசந்தாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஒரு வியாழக்கிழமை காலை. அவளும் நானும் தாம்பரத்தில் ஒரே கிளினிக்கில் எட்டு வருடம் வேலை பார்த்தோம். பெண்கள் பக்கம் அவள், ஆண்கள் பக்கம் நான். அன்று அவளுடைய அக்கா வந்து உட்கார்ந்துகொண்டதால் நான் வேலைக்குக் கிளம்பினேன். கதவு வரை போனவனைக் கூப்பிட்டாள். "ஏங்க, போன ஒடனே இருபது கிலோவ வெச்சுப் பாத்துடுங்க. இன்னைக்கு வாத்தியார் வர்ற நாள்" என்றாள்.

பதினோரு மணிக்கு போன் வந்தது. அப்போது ஒருவர் வயிற்றில் குளிர்க் கிண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் இன்னும் பதினாறு நிமிடம் பாக்கி. நான் போனைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பதினாறையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என்ன ஆச்சு என்று படுத்திருந்தவர் கேட்டார். சொன்னேன். அவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மொதல்ல இத கழட்டிட்டுக் கெளம்புங்க சார். என் தொப்பை எங்கயும் போயிடாது."

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுடைய நோய் வயிற்றில்தான் இருந்தது. வயிற்றை அளப்பதையே பிழைப்பாக வைத்திருந்த நாங்கள் இரண்டு பேரும் அதையும் மாதாமாதம் அளந்தோம். சரியாக அளந்தோம், எழுதியும் வைத்தோம். நம்பத்தான் இல்லை. அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் மற்றவர்கள் அந்த மெஷினை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொல்லியாக வேண்டும். டெய்லர்கள், ரேஷன் கடைக்காரர்கள், நர்சுகள், எதையாவது அளந்து சொல்லித் திட்டு வாங்குகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குப் புரியும்.

நான் உள்ளே வந்த விதம்

நான் பத்தாவது முடிக்கவில்லை. ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் வேலையை அவிழ்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். முடிச்சூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தார்கள். அங்கே ஒரு மெஷின் குளிரவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். ஒரு கிண்ணம் வயிற்றுச் சதையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். முக்கால் மணி நேரம் அதைக் குளிர வைக்கும். தோல் தாங்குகிற குளிரைக் கொழுப்பு தாங்காது. உறைந்த கொழுப்பை உடம்பு இரண்டு மூன்று மாதத்தில் மெல்ல வெளியேற்றிவிடும். இதுதான் ஏற்பாடு. உள்ளே தண்ணீர் ஓடும் குழாயில் அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டேன்.

மெஷினோடு வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு பதினெட்டு நாளில் அதைப் படித்து முடித்தேன். வாரத்தில் இரண்டு நாள் வருகிற டாக்டருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஜெல் துணியை எப்படி விரிப்பது, குளிரில் தோல் வெந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எனக்கு இந்த வேலை சரிவருமா என்று தயங்கியபோது, கிளினிக்கை நடத்தும் மேடம் சொன்னது: "ஃபிரிட்ஜ் தெரியும்ல சேகர்? இதுவும் ஃபிரிட்ஜ்தான். உள்ள வைக்கிறது மட்டும்தான் ஆளு."

பெண்கள் பக்கம் ஒழுங்காக அளக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் மேடம். வசந்தா ஊரப்பாக்கத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னோடு ரயில் ஏறினாள்.

தப்பான விடை

பழைய மளிகைக் கடை ஒன்றிலிருந்து இரண்டு பத்துக் கிலோ இரும்புக் கற்கள் வாங்கி வைத்திருந்தேன். தினமும் காலையில் இரண்டையும் எடை மெஷின் மேல் வைப்பேன். இருபது காட்டினால் அன்றைய சண்டைகளுக்கு நான் தயார் என்று அர்த்தம்.

சண்டைக்கு முதல் ஆள் மாடம்பாக்கத்து வாத்தியார். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெல்ட், வாட்ச், மோதிரம், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் மெஷின் மேல் ஏறுவார். கண்ணாடி இல்லாததால் எண் தெரியாது. நான் படித்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் நான் பொய் சொல்கிறேன் என்பார். ஒரு நாள் அரிசி பாக்கெட்டோடு வந்தார். ஐந்து கிலோ என்று போட்டிருக்கிறது, மெஷின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுகிறது என்று பிடித்துக்கொண்டார். பாக்கெட்டுக்கும் எடை உண்டு சார் என்றேன். அடுத்த வாரம், மேலே சுற்றுகிற மின்விசிறியின் காற்று தன்னைக் கீழே அழுத்துகிறது என்றார். விசிறியை நிறுத்தினேன். இரண்டு பேரும் வேர்த்துக்கொண்டே அதே எண்ணைப் பார்த்தோம். இரும்புக் கற்களை எடுத்து வைத்துக் காட்டினேன். இருபது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவன் நான். தப்பான விடைய பாத்தா எனக்குத் தெரியும்."

மூச்சைப் பிடிக்கிறவர்கள்

டேப்பை எடுத்தாலே மனிதர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். முதல் அளவு பெரிதாக இருந்தால்தானே பிறகு குறைந்தது தெரியும்? அதெல்லாம் அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இதற்கு வசந்தா ஒரு வழி வைத்திருந்தாள். டேப்பைத் தொப்புள் மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துதான் ஆக வேண்டும். வயிறும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அவர்கள் காரக்குழம்பு என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அளவை எழுதிவிடுவாள். ஆண்களிடம் சமையலைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் நான், "எந்த ட்ரெயின்ல வந்தீங்க?" என்று கேட்பேன். செங்கல்பட்டு லைனில் வருகிறவர்களிடம் ரயிலைப் பற்றிக் கேட்டால் மூச்சு மட்டுமல்ல, மனதில் இருப்பது எல்லாமே வெளியே வரும்.

ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்தான். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. எந்த ட்ரெயின் என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் போனை எடுத்து டிக்கெட்டைக் காட்டினான். உட்கார இடம் கிடைத்ததா என்றேன். தலையை ஆட்டினான். கூட்டமா என்றேன். கையை விரித்தான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் டேப்பைப் பிடித்தபடி நிற்கிறேன், அவன் மூச்சைப் பிடித்தபடி நிற்கிறான். கடைசியில் அவன்தான் தோற்றான். டேப் என் விரலிலிருந்து நழுவுகிற அளவுக்கு வயிறு வெளியே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "பொண்ணு வீட்டுக்கு அனுப்பின போட்டோவுலயும் இப்படித்தான்ணா நின்னேன். நிச்சயதார்த்தத்துல ரெண்டு மணி நேரம் நின்னேன். இங்கயாவது விட்டுத் தொலைக்கிறேன்."

கிள்ளிப் பார்த்து வேண்டாம் என்றது

எங்கள் குளிர் மெஷினின் சாமர்த்தியமெல்லாம் தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்போடு சரி. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: இரண்டு விரலால் கிள்ளினால் கனமாகக் கையில் வர வேண்டும். சிலருடைய வயிறு பானை மாதிரி கெட்டியாக இருக்கும். கிள்ளினால் வெறும் தோல்தான் வரும். அவர்களுக்குக் கொழுப்பு உள்ளே, குடலைச் சுற்றி இருக்கிறது. கிண்ணம் அதைத் தொடவே முடியாது. நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், வேறு வழியில்லை. இதை நான் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டு பேசாமல் போனவர் ஒருவர்கூட இல்லை.

நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருப்பவர், ஐம்பது வயது இருக்கும், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கிள்ளிப் பார்த்தேன், தோல்தான். இது உங்களுக்கு உதவாது சார், தினமும் ஒரு மணி நேரம் நடங்க என்றேன். எங்கே நடப்பது, வண்டிகள் பறக்கிற ஓஎம்ஆர் ரோட்டில் நடந்தால் உயிரோடு திரும்ப முடியுமா என்றார். மெஷினின் வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்க்கலாமே என்றார். டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றார். டாக்டரும் கிள்ளிப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "பொண்ணு பாக்கப் போன எடத்துலகூட யாரும் இப்படி மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொன்னதில்ல சார்" என்றார்.

கீழே பேக்கரி

கட்டடத்தின் சொந்தக்காரர் கீழே பேக்கரிக்கும் மேலே எங்களுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். மாலை நான்கு மணிக்குக் கீழே பஃப்ஸ் வெந்தால் மேலே படுத்திருப்பவர்களின் வயிறு கிண்ணத்துக்குள்ளேயே உறுமும். எனக்குக் காதில் கேட்கும்.

ஒருவர் ஆறு தடவை வந்தார். ஆறாவது தடவை அளந்தால் முதல் அளவைவிட அரை இஞ்ச் அதிகம். எனக்கே தலை சுற்றியது. அன்று டீ குடிக்க இறங்கியபோது பார்த்தால், பேக்கரி வாசலில் அவர் நிற்கிறார். ஒரு கையில் முட்டை பஃப்ஸ், இன்னொரு கையில் தேங்காய் பன். முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு தடவையும் முடித்ததும் இங்கேதான் நின்றாராம், பேக்கரிக்காரர் சொன்னார். என்ன சார் இது என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. மென்று விழுங்கிவிட்டுப் பாடம் நடத்தினார்: "அந்த எடத்துல கொழுப்பு செல் எல்லாம் செத்துடும்னு நீங்கதான சொன்னீங்க? அப்ப இது போயி எதுல ஒட்டும்?"

ஐஸ் பெட்டி

இது பெண்கள் பக்கத்தில் நடந்தது. மத்தியானம் சாப்பிடும்போது வசந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தனம் அக்கா கோவளத்துக்காரர். கேம்ப் ரோடு பக்கம் உட்கார்ந்து மீன் விற்பவர். கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய மகன் எங்கேயோ நடுக்கடலில் இருந்துகொண்டு போனில் எங்கள் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறான். அம்மாவுக்குப் பிறந்தநாள் பரிசு என்று எட்டு தடவைக்குப் பதிவு செய்துவிட்டான். அக்காவுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனாலும் மகன் கொடுத்ததை வீணாக்க மனசு வரவில்லை. முதல் நாள் வசந்தா ஜெல் துணியை விரித்துக் கிண்ணத்தை வைத்து, குளிர் ஏறும், பயப்படாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். அக்கா வயிற்றையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "மீனு கெடாம இருக்கணும்னுதான் நாங்க ஐஸ்ல போடுறோம். நீ இன்னா கண்ணு, என் தொப்பைய ஐஸ்ல போட்டு வெக்கிற? இதுவும் கெடாம அப்படியேதான் கெடக்கும்."

வசந்தா இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. நான் தயிரை ஊற்றி அதையும் சாப்பிட்டேன். அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஸ்டாஃப் கார்டு

வேலை பார்க்கிறவர்களே தொப்பையோடு நின்றால் யார் வருவார்கள் என்பது மேடத்தின் கட்சி. அதனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களுக்கும் எடை, இடுப்பளவு இரண்டும் எடுத்துக் கார்டில் எழுத வேண்டும். நான் என்ன சாப்பிட்டாலும் ஒரே மாதிரி இருப்பவன். வசந்தாவின் அந்த வருடக் கார்டில் முதல் மாதம் எடை அறுபத்து மூன்று, இடுப்பு முப்பத்து மூன்று. அடுத்த மாதம் அறுபத்தொன்றரை, முப்பத்து நான்கு. அதற்கடுத்த மாதம் அறுபது, முப்பத்தைந்தரை. அவள் பிளவுஸின் பக்கத் தையலை இரண்டு தடவை பிரித்துவிட்டிருந்தாள். துணி சுருங்கிவிட்டது என்றாள். முப்பது வருடம் தைத்தவள் சொல்கிறாள், நானும் சரி என்றேன்.

மேடம் கார்டைப் பார்த்தார். எடை இறங்குகிறது, இடுப்பு ஏறுகிறது. எட்டு வருடமாக அந்த மெஷினுக்காக வாத்தியாரோடும் மாப்பிள்ளைகளோடும் மேனேஜர்களோடும் சண்டை போட்டவன் நான். அன்று என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷின்ல ஏதோ கோளாறு மேடம், பாத்துடறேன்" என்றேன். கற்களை வைத்தேன். இருபது காட்டியது. அப்படியும் விடவில்லை. கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, நாலு மூலையிலும் துடைத்து, கால் ரப்பர்களை மாற்றி, மறுபடியும் கற்களை வைத்தேன். இருபது. வசந்தாவை ஏறச் சொன்னேன். ஐம்பத்தொன்பதே முக்கால். அவள் இறங்கிக்கொண்டே சொன்னாள்: "என்னை ஏத்தி எறக்கினது போதும், அந்த மெஷின மூடி வைங்க. வாத்தியாருக்குத் தெரிஞ்சா உங்கள உயிரோட விடமாட்டார்."

புது டேப்

மெஷின் சரி என்றால் டேப்தான் தப்பு என்று முடிவு செய்தேன். துணி டேப் நாளாக ஆகத் தொய்ந்துவிடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் தொய்ந்த டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அதை யோசிக்கும் நிலையில் நான் இல்லை. சண்முகம் ரோட்டில் புது டேப் வாங்கி வந்தேன். கிளினிக் திறப்பதற்கு முன்னால் அவளை நிற்க வைத்து, அவள் முறைப்படியே டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்டேன். சிரித்தாள். "ரசம்தான். வேற எதுவும் எறங்க மாட்டேங்குதுங்க. ரெண்டு வாய் வெச்சாலே நெறஞ்சு போகுது" என்றாள். மூச்சு வெளியே வந்தது. முப்பத்தேழு. அதை எழுதிக்கொண்டேன். அவள் சொன்ன பதிலை எழுத அந்தக் கார்டில் கட்டம் இல்லை.

மேடம் நல்ல மனசோடு, வசந்தாவுக்கு ஒரு தடவை இலவசமாகக் கிண்ணம் வைக்கச் சொன்னார். கிள்ளிப் பார்த்தேன். தோல்தான் வந்தது. கெட்டி வயிறு. நூறு ஆண்களுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்: நட. மறுநாளிலிருந்து காலையில் கிளினிக் திறப்பதற்கு முன் சேலையூர் ஏரிப் பக்கம் கூட்டிப்போனேன். பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படி உட்கார்ந்தால் எப்படிக் குறையும் என்று அவளைக் கடிந்துகொண்டேன். காலை நீட்டி உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "கஸ்டமர வெரட்டுற மாதிரியே என்னையும் வெரட்டுங்க. நான் காசு குடுக்காத கஸ்டமர், அதான் இவ்வளவு கோவம்."

தனம் அக்காவின் விரல்

தனம் அக்கா கடைசித் தடவைக்கு வந்த நாள் அது. அளவெடுக்க வசந்தா குனிந்திருக்கிறாள். அக்கா அவள் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். வளையல்கள் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போயின. பிறகு எதையும் கேட்காமல், கூடையில் மீனை அமுக்கிப் பார்ப்பதுபோல இரண்டு விரலை வசந்தாவின் வயிற்றில் வைத்து ஒரு பக்கம் அமுக்கினார். மறு பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உடனே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

நான் கையில் திருப்புளியோடு போய் நின்றேன். ஏதோ ஒயரைச் சரி செய்துகொண்டிருந்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வசந்தாவிடம் திரும்பிச் சொன்னார்: "கையி காலெல்லாம் குச்சியா கீது, வயிறு மட்டும் தனியா வளந்துகினு போவுது. இது கொழுப்பு இல்ல கண்ணு, தண்ணி. நீ இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தாளு இப்படியே மெஷின நோண்டிக்கினு நிப்பான்."

படித்தவர்

அன்று மத்தியானமே ஸ்கேன் எடுத்தோம். சினைப்பையில் கட்டி. வயிறு முழுக்க நீர். மற்ற இடங்களுக்கும் பரவியிருந்தது. எடை எப்போதிலிருந்து குறைகிறது என்று டாக்டரம்மா கேட்டார். வசந்தா கைப்பையைத் திறந்து ஸ்டாஃப் கார்டை எடுத்துக் கொடுத்தாள். ஐந்து மாத எண்கள், எல்லாம் நேர் வரிசையில். அவர் அதை மேலிருந்து கீழே ஒரு தடவைதான் பார்த்தார். கோபமாகப் பேசவில்லை, களைத்துப்போன குரலில் கேட்டார்: "இவ்வளவு சுத்தமா எழுதி வெச்சிருக்கீங்களே, யாராவது இத படிச்சீங்களா?"

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள்.

வாத்தியாரின் கடைசிப் புகார்

அவள் போய் ஒரு மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? இப்போது நானாகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். முயற்சி எதுவும் செய்யாமல் எடை இறங்கினாலோ, எடை இறங்கி இடுப்பு ஏறினாலோ, அந்த ஆளுக்குக் கிண்ணத்தை வைக்க மாட்டேன். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். மேடமும் தடுப்பதில்லை. மக்களுக்கு இது பிடிக்கவில்லை. இளைக்க வந்த இடத்தில், ஏன் இளைத்தாய் என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

போன மாதம் வாத்தியார் வந்தார். வழக்கம்போல எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மூன்று கிலோ குறைவு. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மெஷினைத் தட்டிக்கொடுத்து, இப்பதான் இதுக்குப் புத்தி வந்திருக்கு என்றார். நடந்தீர்களா சார் என்றேன். இல்லை. சாப்பாட்டைக் குறைத்தீர்களா? இல்லையே. கற்களை எடுத்து வைத்தேன். இருபது. டேப்பைச் சுற்றினேன், இடுப்பில் மாற்றமில்லை. இன்றைக்கு மெஷின் கிடையாது, டாக்டரிடம் போங்கள் என்று மேடத்திடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தேன். அவர் கத்தினார். எனக்குச் சத்தம் போட்டுப் பேச வராது, ஆனால் நகரவும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு பை நிறைய ரிப்போர்ட்டோடு படியேறி வந்து மேசையில் கொட்டினார். ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, ஸ்கேன். எதிலும் ஒன்றுமில்லை. காரணமும் தெரிந்துவிட்டது: அவர் தினமும் சாயங்காலம் போய் உட்காரும் டீக்கடையை மூன்று மாதமாக மூடி வைத்திருக்கிறார்கள். நாலு டீ, நாலு போண்டா நின்றுபோனதை அவர் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பத்து நாளாகத் தூங்கவில்லை என்றார். நான் ரிப்போர்ட் ஒவ்வொன்றையும் வரிசைப்படி, கடைசி வரி வரைக்கும் படித்தேன். படித்து முடிக்கும்வரை அவர் திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. கடைசியில் மூச்சு வாங்கிச் சொன்னார்: "ஏறினா உங்க மெஷின் ஒத்துக்க மாட்டேங்குது, எறங்கினா நீங்க ஒத்துக்க மாட்டேங்கிறீங்க. நான் என்னதான்யா பண்றது?"

அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் ரிப்போர்ட்டுகளைப் பையில் அடுக்கிக்கொடுத்தேன். வசந்தாவின் கார்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, அவளுடைய பழைய டேப்பும் அதோடு இருக்கிறது. புது டேப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், கால் இஞ்ச் தொய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அந்த எடை மெஷினை எல்லோரும் திட்டினார்கள், அதை நம்பாமல் கழற்றிப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இன்று காலையும் கற்களை வைத்தேன், இருபது காட்டியது.